ஆகாரம் கொடுப்பதும் ஊழியமே



சில ஆண்டுகளுக்கு முன், சிறுநீரகம் பழுதுபட்டிருந்த நம் சபையின் மூதாட்டி ஒருவரைக் காண இரண்டு இளநீருடன் மருத்துவமனைக்குச் சென்றேன். ஜெபித்து முடித்ததும் அங்கிருந்த உணவியல் நிபுணர் என்னை மெல்லத் தடுத்தார். “ஐயா, இளநீரில் பொட்டாசியம் மிகுதி. இவருடைய சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் அது கூடினால் இதயத்துக்கே ஆபத்து” என்றார். என் அன்பே அவருக்குக் கேடாகியிருக்கும்.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், யவீருவின் பன்னிரண்டு வயது மகளை உயிரோடெழுப்பிய ஆண்டவர் அத்துடன் நிறுத்தவில்லை. அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படியும் பணித்தார். சாகவேண்டுமென்று விரும்பிய எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது உபதேசமன்று, அடையும் தண்ணீரும். ஆகாரமும் குணமாக்குதலின் ஒரு பங்கு.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு எந்த உணவைத் தொடங்குவது, இரத்தசோகையுள்ள கர்ப்பிணி இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு ஏன் உட்கொள்ளலாகாது, சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்து வரும் நீரிழிவு நோயாளி எப்போது, எவ்வளவு உண்பது, பல்லில்லாத முதியவருக்குப் புரதச்சத்து எப்படிக் கிடைக்கும் என்று வயதும் நோயும் அறிந்து கணித்துத் தருவதே உணவியல் நிபுணரின் பணி.

உணவின் குறையே நோயாகும் என்பதை முன்னோர் அறிந்தனர். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தோரைப் பெரிபெரி நோய் வாட்டியது. தவிட்டோடு உயிர்ச்சத்தும் போனதே காரணம். அந்நோயை ஆராய 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே, இன்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

எனினும் நம்மில் பலர் மாத்திரையைத் தவறாமல் விழுங்கி, உணவு அட்டவணையைத் தலையணைக்கடியில் வைத்துவிடுகிறோம். “ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது” என்கிறோம். அது விசுவாசமன்று; தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னதற்கு ஒப்பானது. கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது நமக்குத் தகாது.

ஆகவே, நோயாளியைக் காணச் செல்லுமுன், என்ன கொண்டுவரலாம் என்று வீட்டாரிடம் கேளுங்கள். சபையின் அன்பின் விருந்தில் கேசரி வேண்டாமென்பவரை வற்புறுத்தாதீர்கள். நம் நகரியத்தில் இப்பணி செய்வோரை மருத்துவருக்கும் செவிலியருக்கும் செய்வதுபோலவே ஜெபத்தில் தாங்குங்கள்.

பிதாவே, எங்கள் தட்டில் உள்ளதை ஞானத்தோடு புசிக்கவும், பிறர் தட்டில் ஞானத்தோடு பரிமாறவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.