கல்லாப்பெட்டியின் சாவி யார் கையில்?

செங்கல்பட்டு மார்க்கத்துப் புறநகர் இரயிலில் சென்று சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையில் வைகறைப் பொழுதில் சற்று நின்று பாருங்கள். ஆலைப் பேருந்துகள் வரிசையாக விரையும். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என வந்திறங்கிய ஆலைகளைப் பற்றி நாளேடுகள் நிறையவே எழுதிவிட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான குடியிருப்பு திறக்கப்பட்டதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால், இம்மக்களுக்கு இட்லி அவித்தும், சீருடை தைத்தும், சோறு கட்டிக் கொடுத்தும் சொந்தத் தொழில் நடத்தும் பெண்களைப் பற்றி எழுதுவார் மிகச் சிலரே.

அவர்கள் ஒன்றும் சிறு கூட்டத்தார் அல்லர். ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி (2013-14) இந்தியாவில் பெண்கள் நடத்தும் தொழில்கள் சுமார் 80 இலட்சம். அவற்றில் மிகப் பெரும் பங்கு, அதாவது 13 விழுக்காட்டுக்கு மேல், தமிழகத்தினுடையது. பெருமைப்படத்தக்க செய்திதான். எனினும் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் கூறுகின்றது: நாடு முழுவதும் இத்தொழில்களுள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை கூலிக்கு ஓர் ஆளைக்கூட வைத்துக்கொள்ளாதவை. முதலாளியும் அவளே, வேலையாளும் அவளே. அவள் நோயுற்றுப் படுத்தால் அன்று கடையும் படுத்துவிடும்.

ஏன் வளரவில்லை? முதற்காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. பெண்களுக்குச் சலுகைக் கடன் உண்டென்றதும் மனைவியின் பெயரில் விண்ணப்பம் போடுகின்றோம். பெயர்ப் பலகையில் அவள் பெயர். கல்லாப்பெட்டியின் சாவியோ நம் இடுப்பில். இது மார்க்கத்துக்கு உடன்பாடானதா? ஆண்கள் சம்பாதித்தது ஆண்களுக்கும், பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கும் உரியது என்பது திருமறையின் நான்காம் அத்தியாயம் தரும் கருத்து. குடும்பத்தைப் போஷிக்கும் கடமை கணவனுடையது. மனைவி மனமுவந்து கொடுத்தால் அது தருமம். எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தை மேடைதோறும் புகழ்கின்றோமே, அது எப்படி நடந்தது? முதல் அவர்களுடையது. யாரை அனுப்புவது, இலாபத்தில் எவ்வளவு பங்கு தருவது என்று தீர்மானித்தவர்களும் அவர்களே. ஷாம் தேசத்துப் பயணம் எப்படி நடந்தது என்று மைஸராவிடம் கேட்டறிந்தவர்களும் அவர்களே.

இரண்டாவது, வரவேண்டிய பணம் வராமை. விடுதிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் உணவு கொடுக்கும் பெண், அரிசிக்கும் எரிவாயுவுக்கும் ரொக்கம் தருகின்றாள். அவளுக்கோ "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதில். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கின்றார்கள். நாட்டின் சட்டமும் அவள் பக்கமே. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் மிகுதியாக 45 நாட்களுக்குள்ளும் பணம் தரவேண்டும். தவறினால் அதற்கென உள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். இதற்கு உத்யம் பதிவு வேண்டும், கட்டணம் இல்லை, சரக்கு கொடுக்கத் தொடங்கும் முன்பே செய்துகொள்வது நலம். தாமதத்துக்குச் சட்டம் கூட்டுவட்டி விதிக்கின்றதே, அதை வாங்கலாமா என்று ஒரு சகோதரி கேட்கக்கூடும். அம்மா, அது தனி மஸ்அலா. அதற்கு அஞ்சி, உங்கள் உழைப்புக்குரிய அசலையும் கேளாமல் விட்டுவிடாதீர்கள். கேட்பதற்குக் கையில் எழுத்து வேண்டும். திருமறையின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனம் என்பதை ஓதுகின்ற நாம், பால் கணக்கைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை.

இனி, முதலுக்கு வருவோம். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும், 2015இல் வந்த முத்ரா திட்டமும் இலட்சக்கணக்கான பெண்களுக்குக் கடன் தந்தன. அவை வட்டிக் கடன்கள். "வட்டி ஹராம், கிட்டே போகாதீர்கள்" என்று மிம்பரில் நின்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகின்றோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே சொல்லி இறங்கியவன்தான். வங்கிக்குப் போகாத அப்பெண் எங்கே போனாள்? தண்டல்காரனிடமும் அடகுக் கடைக்கும் போனாள். சிறிய வட்டியைத் தடுத்துப் பெரிய வட்டியில் அவளைத் தள்ளியதில் நமக்கும் பங்குண்டு.

நம் ஜமாஅத்துகள் பலவற்றில் பைத்துல்மால் இருக்கின்றது. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் அது உதவுகின்றது, நன்று. ஒரு பெண்ணுக்கு மாவரைக்கும் இயந்திரம் வாங்க அழகிய கடன் தந்தது எத்தனை முறை? கடன் வேண்டாமெனில் முளாரபா முறை இருக்கின்றது: முதல் ஜமாஅத்தினுடையது, உழைப்பு அவளுடையது, இலாபம் முன்பே பேசிய விகிதப்படி. அவளது அலட்சியமின்றி நட்டம் வந்தால் அது முதல் போட்டவரையே சாரும். நட்டத்தைத் தாங்க மனமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். 'ஹலால் இலாபம்' என்ற பெயருக்கு மயங்கவும் வேண்டாம். பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனம் 2019இல் சரிந்து, அதன் நிறுவனர் கைதானபோது, ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு முடங்கிற்று. மஹல்லாவின் எல்லைக்குள், முகம் தெரிந்தவர்களுக்குள், கணக்கேட்டை யாரும் புரட்டிப் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு சிறிதாகத் தொடங்குவதே அறிவுடைமை.

அந்தக் குழுவில் பெண்களும் இருக்கவேண்டும். கூட்டத்தை வழக்கம்போல் இஷாவுக்குப் பிறகு வைத்தால், விடியுமுன் அடுப்பு மூட்டுகின்றவள் எப்படி வருவாள்? முற்பகல் பதினொரு மணிக்கு வையுங்கள். காலை வியாபாரம் முடிந்து, பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்திருப்பாள்.