கோட்டையும் குத்தகையும்

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மௌத் துறைமுகத்துக்கு எதிரே, ஸோலண்ட் ஜலசந்தியின் நடுவில் வட்டமான கற்கோட்டைகள் சில நிற்கின்றன. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வரக்கூடுமென்று அஞ்சி, 1860-ம் வருஷத்துக்குப் பின் பெரும் பொருட்செலவில் கட்டப்பட்டவை அவை. கட்டி முடிவதற்குள் அந்தச் சக்கரவர்த்தி முடியிழந்து மாண்டும் போனார். எதிரியைக் காணாத கோட்டைகளைக் கண்டு ஜனங்கள் நகைத்தார்கள். அப்போது பிரதம மந்திரியாயிருந்த பாமர்ஸ்டனின் மதியீனங்கள் என்றே அவற்றுக்குப் பெயரிட்டார்கள். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ராணுவ இலாகா அவற்றைக் கைகழுவிற்று. தனவந்தர்கள் வாங்கினார்கள். பீரங்கி நின்ற இடத்தில் பஞ்சணை விரித்து, வெடிமருந்து அறையில் மதுப்புட்டி அடுக்கி, அவற்றில் இரண்டைச் சொகுசு விடுதிகளாக்கினார்கள். பின்னர் அவையும் பலமுறை விற்பனைக்கு வந்தன.

இது அவர்கள் வீட்டுக் காரியம். தாங்கள் கட்டிய கோட்டையைத் தாங்கள் விற்கிறார்கள். நமக்கு அதில் வழக்கில்லை. ஆனால் இந்த வியாபாரத்தை ஒரு நாகரிகமாகக் கருதி, நமது நாட்டிலும் சர்க்கார்கள் பின்பற்ற முற்படும்போது நாம் வாய்மூடியிருக்க முடியாது. ஏனெனில், நமது கரையிலுள்ள கோட்டைகளின் கதை வேறு.

திருப்பூரிலும் அதைச் சூழ்ந்த நெசவூர்களிலும் வாழ்கிறவர்களுக்கு இக்கதை அந்நியமானதன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர் எதற்காகக் கோட்டை கட்டினர்? சோழமண்டலக் கரையின் துணியை வாங்கிக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து வாசனைத் திரவியம் கொள்வதற்காக. 1639-ம் வருஷத்தில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் சென்னையில் மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்தது எதற்காக? அங்கே துணி மலிவாகக் கிடைத்ததற்காக. தறிக்காரனின் உழைப்பே அக்கோட்டைகளுக்கு அஸ்திவாரம். அவன் நெய்த துணியைக் காக்க எழுந்த மதில்கள், நாளடைவில் அவனையே அடக்கும் மதில்களாயின.

கோட்டை விற்பனையும் நமக்குப் புதிதன்று. 1690-ம் வருஷத்தில் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடம் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். சுற்றிலும் எவ்வளவு பூமி சேரும் என்பதைப் பீரங்கி கொண்டு அளந்தனர். குண்டு போய் விழுந்த இடம்வரை கம்பெனிக்குச் சொந்தம். அந்த ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயராயிற்று. 1845-ம் வருஷத்தில் டென்மார்க் அரசர், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். விற்றவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன். அங்கே குடியிருந்த ஜனங்களை இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேளாமல் விற்பதுதான் அந்நிய ஆட்சியின் இலட்சணம். சுதந்திர ஆட்சிக்கும் அதுவே இலட்சணமாகலாமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

கோவாவின் வடகோடியில், திரக்கோல் நதி கடலில் கலக்குமிடத்தில் ஒரு கோட்டை உண்டு. சாவந்தவாடி அரசர் கட்டியதை 1746-ம் வருஷத்தில் போர்த்துக்கீசியர் பறித்துக்கொண்டனர். பாரதம் விடுதலை பெற்ற பின்னும் கோவா விடுதலை பெறவில்லை. 1954-ம் வருஷம் ஆகஸ்ட் 15-ந் தேதி, ஆல்பிரட் அபான்சோ தலைமையில் சத்தியாக்கிரகிகள் சிலர் கையில் ஆயுதமின்றி அக்கோட்டைக்குள் புகுந்து மூவர்ணக் கொடியை ஏற்றினார்கள், சிறைப்பட்டார்கள். 1961-ம் வருஷம் டிசம்பரில் கோவா விடுதலை அடைந்தது. பிற்காலத்தில் அந்தக் கோட்டை என்னவாயிற்று? வாரத்தின் நாட்களுடைய பெயர்களை அறைகளுக்குச் சூட்டி, உல்லாசப் பிரயாணிகளுக்கான விடுதியாக நடத்தினார்கள். உயிரைத் துச்சமாக மதித்துக் கொடியேற்றப் போனவர்கள் நடந்த வாசலில், முன்பதிவு செய்தவர்களுக்கு நல்வரவு கூறப்பட்டது.

கொடியின் விலை இன்னதென்று திருப்பூருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன், 1932-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி இவ்வூர் வீதியில் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அவர் வீழ்ந்த வீதியை நாளை எவரேனும் குத்தகைக்கு எடுத்து வாசலில் காவலாளியை நிறுத்தினால் நாம் பொறுப்போமா? திருப்பூருக்கு ஒரு நியாயம், திரக்கோலுக்கு வேறொரு நியாயம் இருக்க முடியாது.

பாக் ஜலசந்திக்கு அப்பாலும் இதே காட்சி. யாழ்ப்பாணத்தில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, கடல் நடுவில் ஒரு சிறு கோட்டை இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டியது, 1658-ம் வருஷத்தில் டச்சுக்காரர் வசமாயிற்று, பின்னாளில் சிறைச்சாலையாகவும் இருந்தது. யுத்தம் ஓய்ந்த பிறகு இலங்கைக் கடற்படையே அதை விடுதியாக்கிற்று. சுற்றியுள்ள தீவுகளின் தமிழர், தங்கள் கடலில் நிற்கும் கோட்டைக்குள் வாடிக்கைக்காரராகத்தான் நுழையலாம் என்றால், அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுவது பொருந்துமா?

2019-ம் வருஷம் செப்டம்பரில் மகாராஷ்டிர சர்க்கார், தன் ராஜ்யத்திலுள்ள 25 கோட்டைகளை விடுதிகளுக்காக நீண்ட காலக் குத்தகைக்கு விட யோசிப்பதாகச் செய்தி வந்தது. சிவாஜி மகாராஜாவின் பெயரை மூச்சுக்கு மூச்சு சொல்லுகிற நாட்டில் கொந்தளிப்பு எழுந்தது. உடனே மந்திரிகள், சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த கோட்டைகளைத் தொடமாட்டோம், பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேராதவற்றையே கொடுப்போம் என்று சமாதானம் கூறினர். இந்தச் சமாதானத்தில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. பட்டியலில் சேராதது சர்க்காரின் அசிரத்தையாலேயன்றிச் சரித்திரமின்மையால் அன்று. முதலில் பட்டியலில் சேர்க்காமல் விடுவது. பிறகு பட்டியலில் இல்லையே என்று காட்டிக் குத்தகைக்கு விடுவது. இது எந்த ஊர் தர்மம்?

எதிர்த்தரப்பார் ஒரு வாதம் சொல்வார்கள். அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. கேட்பாரற்று இடிந்து, ஆலும் அரசும் முளைத்து, ஆடு மேயும் மதிலைவிட, தனியார் கையில் சீராக நிற்கும் மதில் மேலல்லவா என்பர். உண்மைதான், ஆலம்பரைக் கோட்டையின் இன்றைய நிலையைக் கண்டவர்கள் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். ரஜபுதனத்தில் பழைய அரண்மனைகள் பல, விடுதிகளானதால் பிழைத்தன என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் இடிபாடு, விற்பனை என்ற இரண்டு வழிகள்தான் உண்டு என்பது தவறு.

மூன்றாவது வழியைத் தரங்கம்பாடியிலேயே காணலாம். அங்கே 1620-ம் வருஷத்தில் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டை, தமிழ்நாட்டுத் தொல்லியல் இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்தவர்களின் ஒத்துழைப்போடு பழுதுபார்க்கப்பட்டது. உள்ளே காட்சிசாலை, பள்ளிப் பிள்ளையும் மீனவனும் சிறு கட்டணம் கொடுத்து நுழையலாம். அதே கடற்கரையில் பழைய பங்களா ஒன்று தனியார் விடுதியாக நடைபெறுகிறது. பிரயாணி பங்களாவில் தூங்கட்டும். கோட்டை எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். வியாபாரமும் கெடவில்லை, சரித்திரமும் கெடவில்லை. இந்தப் பாகுபாட்டை அறிந்துகொள்ளப் பெரிய கமிட்டி எதுவும் தேவையில்லை.

ஆகையால் நமது கோரிக்கை தெளிவானது. பழவேற்காடு முதல் வட்டக்கோட்டை வரை, தமிழகக் கரையிலுள்ள கோட்டைகளும் இடிபாடுகளும் ஒன்று விடாமல் கணக்கெடுக்கப்பட்டு, எஞ்சியவையும் சட்டப் பாதுகாப்பில் சேர்க்கப்பட வேண்டும். கோட்டையின் மதிலுக்குட்பட்ட இடம் எந்தப் பெயராலும் விற்பனைக்கோ நீண்ட குத்தகைக்கோ போகலாகாது. தனியார் பணம் வரட்டும், பழுதுபார்க்கட்டும், வெளியே விடுதி கட்டட்டும். ஆனால் வாசலின் சாவி ஜனங்களிடம் இருக்கவேண்டும். ஒப்பந்தம் எதுவாயினும், கையெழுத்தாகும் முன் முழுதும் பிரசுரிக்கப்பட்டுச் சட்டசபையில் விவாதிக்கப்பட வேண்டும். இவை நிறைவேறத் தேச சேவையில் நாட்டமுள்ள இளைஞர்கள் ஊர்தோறும் குரலெழுப்ப வேண்டும்.

அந்நியன் நமது கோட்டைகளை விற்றபோது நாம் பேச உரிமையற்றவர்களாயிருந்தோம். இன்று அந்த உரிமை நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், விற்பனை முடிந்த பிறகு அழுவது ஆண்மையன்று.