'18 பிளஸ்' போர்டு மாட்டினால் குழந்தை பார்க்காதா? அப்பா செல்போனில் ஓடும் ஆபத்து

சென்னிமலை:
போர்வைக்குப் பேர் போன சென்னிமலையில் அப்பா தறியில், அம்மா தார் சுற்றுவதில் என்று பொழுது போகும் வீடுகள் ஏராளம். ஸ்கூல் விட்டு வரும் பொடிசுகளுக்குத் துணை அப்பாவின் செல்போன்தான். பொம்மைப் படம்தானே என்று விட்டு விடுகிறார்கள். அடுத்து தானாக ஓடும் வீடியோ என்ன கண்றாவி என்று எட்டிப் பார்க்க நேரம் ஏது? தறியை விட்டு எந்திரிச்சா கூலி போச்சு.

பெற்றோர்தான் கவனிக்கணும் என்று கை கழுவுகின்றன கம்பெனிகள். அது எவ்வளவு தூரம் நியாயம்?

பப்ஜி மதன் விவகாரம் பலருக்கும் ஞாபகம் இருக்கும். பப்ஜி விளையாட்டுக்கு 2020 செப்டம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டு விட்டது. அப்புறமும் அதை விளையாடிக்கொண்டே யூ டியூப்பில் ஆபாசமாகப் பேசியதாக மதன் மீது புகார்கள் குவிந்தன. 2021 ஜூன் 18-ந்தேதி தர்மபுரியில் போலீசார் அவரை மடக்கினர். பிறகு குண்டர் சட்டமும் பாய்ந்தது. முன்ஜாமீன் மனுவை விசாரித்த ஐகோர்ட்டு நீதிபதி தண்டபாணி, அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வாதாடுங்கள் என்று மதனின் வக்கீலிடமே சொன்னார்.

அவருடைய சேனல் பெயரிலேயே '18 பிளஸ்' இருந்தது. ஆனாலும் ரசிகர்களில் பள்ளிக்கூடப் பசங்க ஏராளம். டாஸ்மாக் வாசலில் போர்டு வைத்தால் உள்ளே ஆள் நின்று பார்க்கிறார். இங்கே பார்ப்பதற்கு யார்? போன் அப்பா பெயரில், கணக்கும் அப்பா பெயரில். பார்ப்பது 6 வயசுக் குழந்தை என்று கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

2017-ல் உலகம் முழுக்க இதே கூத்து. ஸ்பைடர்மேன், எல்சா போன்ற பொம்மை உருவங்களை வைத்தே ரத்தம், ஊசி, ஆபாசம் என்று வீடியோக்கள் புற்றீசலாகக் கிளம்பின. பத்திரிகைகள் கிழித்த பிறகு, ஒரே வாரத்தில் ஒன்றரை லட்சம் வீடியோக்களை நீக்கியதாக யூ டியூப் அறிவித்தது. ஒரு வாரத்தில் முடிந்த வேலையை அதுவரை ஏன் செய்யவில்லை?

டிக்-டாக்கிலும் இப்படித்தான். 2019 ஏப்ரல் 3-ந்தேதி நீதிபதிகள் கிருபாகரன், எஸ்.எஸ்.சுந்தர் அடங்கிய ஐகோர்ட்டு மதுரைக் கிளை அந்த ஆப்புக்குத் தடை போட்டது. உடனே 60 லட்சம் வீடியோக்களை நீக்கி விட்டோம் என்று கம்பெனி ஓடி வந்தது. 24-ந்தேதி தடை விலகியது. கடைசியில் 2020 ஜூன் 29-ந்தேதி மத்திய அரசு அதை மூடியது நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டித்தான், குழந்தைகளுக்காக அல்ல.

கம்பெனிகளுக்குத் தைரியம் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு. யாரோ போட்ட வீடியோவுக்கு இடம் கொடுத்தவர் பொறுப்பல்ல, கோர்ட்டோ அரசோ சொன்னதும் நீக்கினால் போதும் என்பது அதன் சாரம். சும்மா இடம் மட்டும் கொடுத்தால் அது சரி. ஆனால் அடுத்து எதைக் காட்டுவது என்று பொறுக்கிப் போடுவதும், நடுவில் விளம்பரம் ஓட்டி காசு பார்ப்பதும் அதே கம்பெனிதானே!

2024 செப்டம்பர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கொஞ்சம் கடிவாளம் போட்டது. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்கள் பற்றி போக்சோ சட்டப்படி தகவல் கொடுக்காத கம்பெனிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது. ஆனால் குழந்தைகள் பார்க்கும் கண்றாவிகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது.

2025 டிசம்பரில் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா மாதிரி 16 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை விதிக்க சட்டம் கொண்டு வருவது பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்றது. ஆஸ்திரேலியாவில் தடை, சிறுவர்கள் தங்கள் பெயரில் கணக்கு வைத்திருப்பதற்குத்தான். அப்பா போனை வாங்கிப் பார்க்கும் சென்னிமலைப் பொடிசுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதற்குப் பதில் இல்லை.

இப்போதைக்கு யூ டியூப்பில் தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை நிறுத்தி வைக்கலாம். குழந்தைகளுக்கென்று தனியாக 'யூ டியூப் கிட்ஸ்' இருக்கிறது. மோசமான வீடியோ கண்ணில் பட்டால் அதிலேயே புகார் பட்டன் உண்டு. யாராவது குழந்தைக்கு வலை வீசினால் 1098, சைபர் குற்றம் என்றால் 1930.