பெயரும் கல்லும்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதில் பொறித்துப் போற்றியவர் பழந்தமிழர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அம்மரபினைத் தொல்காப்பியப் புறத்திணையியல் நிரல்படக் கூறுகிறது. அம்மரபில் வந்த நாம், இருபதாம் நூற்றாண்டில் அயல்மண்ணில் மடிந்த நம்மவர் பல்லாயிரவரின் பெயரைக்கூட அறியாதிருக்கிறோம். இது வருந்தத்தக்கது மட்டுமன்று, நாணத்தக்கதும் ஆகும்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தம் படைக்குக் கடல்வழியே உணவும் தளவாடமும் அனுப்புதல் இடராயிற்று. எனவே, சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க ஜப்பானியர் முனைந்தனர். மலையும் அடர்காடும் ஊடறுத்த அப்பாதை 1943 அக்டோபரில் நிறைவெய்தியது. அவ்விரைவுக்கு விலை மனித உயிர்களே.

கூலியும் உணவும் தருவதாக ஆசைகாட்டி இரப்பர்த் தோட்டத் தொழிலாளரை அழைத்தனர். ஆசைமொழி பலிக்காதபோது வன்முறையால் பிடித்துச் சரக்கு வண்டிகளில் ஏற்றினர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் பெரும்பான்மையோர் தமிழர். பட்டினியும் அடியும், காலராவும் மலேரியாவும் அவர்களைக் கொண்டுபோயின. நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மதிப்பீடு என்னும் சொல்லே அவர்தம் அவலத்தை உணர்த்தும். கைதிகளுக்குத் தம் படை அதிகாரிகள் இருந்தனர். மறைவாகவேனும் பதிவு செய்தனர். காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் இன்று ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளியின் பெயரை எழுதுவார் எவருமிலர்.

என் இளமையில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். போருக்கு முன் மலாயாவுக்குச் சபர் சென்ற அவர்தம் கணவரிடமிருந்து, போர் மூண்டபின் கடிதம் இல்லை. இறப்புச் செய்தியும் வரவில்லை. எனவே அவர் இத்தா இருக்கவில்லை. நாள் தெரியாமையால் கத்தம் ஓதவுமில்லை. மணமானவராகவும் கைம்பெண்ணாகவும் அன்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து மறைந்தார். அக்கணவர் சயாமில் மடிந்தார் என்று கூற என்னிடம் சான்றில்லை. அச்சான்றின்மையையே ஈண்டுச் சுட்டுகிறேன்.

இதே போர்க்காலத்தில் ஐரோப்பாவில் நாஜிகள் தம் நாட்டிலும் தாம் கைப்பற்றிய நாடுகளிலும் ஏறத்தாழ 60 லட்சம் யூதரைக் கொன்றனர். ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் பெயரை நீக்கி, உடலில் எண்ணைப் பச்சை குத்தினர். எஞ்சியோர் அந்த எண்ணை மீண்டும் பெயராக்கினர். 1953-இல் எருசலேமில் நிறுவப்பட்ட ‘யாத் வாஷெம்’, இறந்தவரின் பெயர், பெற்றோர், ஊர் ஆகியவற்றை உறவினரிடமும் அறிந்தவரிடமும் படிவம்வழிக் கேட்டுப் பெற்றது. இதுவரை ஏறத்தாழ 50 லட்சம் பெயர்கள் திரட்டப்பட்டுள்ளன. அந்நிறுவனப் பெயருக்கு ‘நினைவுச் சின்னமும் பெயரும்’ என்பது பொருள். ‘கல்லும் பெயரும்’ எனத் தமிழில் கூறினும் பொருந்தும்.

பாலஸ்தீன மக்களின் துயர்கண்டு நெஞ்சு கொதிக்கும் நம்மிடையே, யூதர் பட்ட பாட்டைப் பேசலாமா எனச் சிலர் வினவக்கூடும். ஒருவர் பட்ட கொடுமையை மறுப்பதால் மற்றொருவர் துயர் ஆறிவிடாது. அவ்வாறே, ஓரினம் பட்ட துயரம் மற்றோரினத்தைத் துன்புறுத்த உரிமைச்சீட்டும் ஆகாது. ஒரு யூதரின் சடலம் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். சென்றது யூதரின் சடலமாயிற்றே என்று உடனிருந்தோர் கூற, அதுவும் ஓர் உயிரே என உணர்த்தினார்கள். அந்த முன்மாதிரிக்குப் பின் நமக்குத் தயக்கம் ஏன்?

2023-இல் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக ஒரு நடுகல் நிறுத்தப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழிந்தேனும் கல் வந்தது. பெயர்கள் இன்னும் வரவில்லை. அப்பெயர்கள் அயல்நாட்டில் இல்லை. நம் ஊர்களில் உள்ளன. ஜமாஅத் பதிவேடுகளிலும் திருச்சபைக் குறிப்பேடுகளிலும், வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழங்கடிதங்களிலும், முதியோர் நினைவிலும் உள்ளன. முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருவதால் காலம் குறுகுகிறது.

மாணவ மணிகளே! விடுமுறையில் ஊர் செல்லும்போது, அக்கரை சென்று திரும்பாதவர் எவரேனும் உண்டா என வீட்டுப் பெரியோரிடம் கேளுங்கள். பெயர், தந்தை பெயர், ஊர், சென்ற ஆண்டு என நான்கு செய்திகள் போதும். ஆசிரியர்கள் அதனை ஆய்வேட்டுப் பொருளாக ஏற்கட்டும். சமுதாயப் பெரியோர் பழைய ஏடுகளைத் திறந்து காட்டட்டும். கல் நடுவதற்குப் பொருள் வேண்டும். பெயர் எழுதுவதற்கு மனம் ஒன்றே போதும்.