சித்தேரி மலையில் கிராம சபையின் சொல்

நியூசிலாந்தின் மேற்குக் கரையில் கடலோரம் நிற்கும் தரனாக்கி மலை மாவோரி மக்களுக்கு மூதாதை. 1865-இல் காலனி அரசு பறித்துக்கொண்ட நிலத்தில் அதுவும் அடங்கும். 2025 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் அந்த மலையைச் சட்டப்படி ஓர் ஆளாகவே ஏற்றது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்கு அந்த அளவுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கிற சட்டமே போதும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தங்கள் பண்பாட்டு, இயற்கை மரபைச் சிதைக்கும் செயல்களிலிருந்து வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வரலாமா என்பதில், டோங்ரியா கோண்ட் மக்களின் வழிபாட்டு உரிமையையும் கிராம சபைகள் பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அதே உரிமை சித்தேரி மலையின் மலையாளி பழங்குடியினருக்கும் உண்டு. அவர்களின் கோயில்காடு, சாமிப் பாறை, சுனை எல்லாம் சமூக உரிமையாகப் பதிவாக வேண்டும். வீட்டுக்கொரு பட்டா கொடுத்ததோடு கடமை முடிந்ததாக நிர்வாகம் எண்ணக் கூடாது.

மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தாங்களே சொல்கிறார்களே, அவர்கள் எப்படிப் பூர்வகுடி என்று சிலர் கேட்கிறார்கள். முன்னோர் மலையேறி வந்த கதையே அந்த மக்களை மலையோடு பிணைக்கும் மரபு. சட்டமும் பூர்வீகத்தைத் துருவவில்லை. பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன் காட்டில் வாழ்ந்து, வாழ்வுக்குக் காட்டை நம்பியிருந்தார்களா என்றுதான் பார்க்கிறது. சாலை தடைபடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. சாலை, பள்ளி, குடிநீர் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள் வனநிலம் ஒதுக்க அதே சட்டம் வழிவிடுகிறது, கிராம சபை பரிந்துரைத்தால்.

காட்டை வனத்துறையிடமே விட்டுவிடலாம் என்ற வாதம்தான் வலுவானதாகத் தோன்றும். ஆனால் அதைச் சொல்பவர்கள் இந்த மலையடிவாரத்து வாச்சாத்தியைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். 1992 ஜூன் 20-இல் சந்தனமரக் கடத்தலின் பெயரால் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்து சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்களில் 2011-இல் உயிரோடிருந்த 215 பேருக்குத் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டைக் காக்கும் அதிகாரம் யாருக்கும் பதில்சொல்லத் தேவையில்லாத கைகளில் இருந்தபோது நடந்தது இது. வனத்துறை அங்கிருந்து விலக வேண்டும் என்று நாம் கோரவில்லை. மலையில் எது நடப்பதானாலும் கோப்பு நகர்வதற்கு முன் சபை கூட வேண்டும், தீர்மானம் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டும், பெண்கள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான வன உரிமைக் குழு இதற்கான அறிவிப்பை இப்போதே வெளியிடலாம்.