பனியைப் பார்க்கப் போகாதீங்க, பழகப் போங்க

ஏழாவது செமஸ்டர் ஆரம்பிச்சா போதும், ஒவ்வொரு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரு கேள்வி வந்து விழும்: "ஐ.வி. எங்க மச்சி?" பதில் வர பத்து செகண்ட்கூட ஆகாது: "குலு மணாலி!" பேரு இண்டஸ்ட்ரியல் விசிட். அதுல இண்டஸ்ட்ரி எங்க இருக்குன்னு யாரும் கேட்கறதில்ல, நாமளும் சொல்றதில்ல. டெல்லிக்கு ரயில், அங்கிருந்து ராத்திரி பஸ், வாடகை கம்பூட், வாடகை கோட்டு, சோலாங்ல ரெண்டு மணி நேரம். கால்ல ஸ்கீ மாட்டி விடுவாங்க, ஒருத்தர் பின்னாடி பிடிச்சுக்குவார், பதினஞ்சு மீட்டர் நகர்ந்ததும் போட்டோ. அவ்வளவுதான், வண்டி அடுத்த 'பாயிண்ட்'டுக்குக் கிளம்பிடும்.

கிண்டலுக்காக இதைச் சொல்லல. பங்குனி வெயில்ல வளர்ந்த நமக்கு முதல்முறை பனியை அள்ளித் தொடுறதே பெரிய சந்தோஷம்தான். ஆனா அஞ்சு நாள் பயணத்துல ஏழு ஊர் பார்த்துட்டு வர்றதுக்குப் பதிலா, ஒரே மலை ஊர்ல அஞ்சு நாள் தங்கி, ஒரே சரிவுல விழுந்து எழுந்து, பனிச்சறுக்கு கத்துக்கிட்டு வரலாம்னு நான் சொல்றேன். கொஞ்சம் கூடுதலா செலவாகும். ஆனா திரும்பி வரும்போது போட்டோவோட ஒரு வித்தையும் கையில இருக்கும்.

எந்த ஊர்? என் ஓட்டு குல்மார்க்குக்கு. 'லியோ' படத்துல ஹிமாச்சல்னு காட்டின பனியை எடுத்தது காஷ்மீர்லதான்னு உங்களுக்கே தெரியும். அதே காஷ்மீர்ல, ஸ்ரீநகர்ல இருந்து சுமார் 50 கி.மீ. தூரத்துல, 2,650 மீட்டர் உயரத்துல ஒரு பெரிய புல்வெளிக் கிண்ணம். கோடையில கோல்ஃப் மைதானம், குளிர்காலத்துல அதுவே பயிற்சிக் களம். அங்கிருந்து கேபிள் கார், அதாவது 'கோண்டோலா', ரெண்டு கட்டமா ஏறும். முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டர்ல இருக்கிற கொங்டூரி வரைக்கும். ரெண்டாவது கட்டம் அஃபர்வட் மலையில கிட்டத்தட்ட 3,980 மீட்டர் வரைக்கும். பிரெஞ்சு நிறுவனம் அமைச்சது. முதல் கட்டம் 1998லயும் ரெண்டாவது 2005லயும் ஓட ஆரம்பிச்சது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளோட பனிச்சறுக்குப் போட்டிகளும் இங்கே நடக்குது.

தேதியில ஜெயிச்சா பாதி ஜெயிச்ச மாதிரி

நம்ம காலண்டரும் பனியோட காலண்டரும் ஒத்துப் போகாது. நமக்கு லீவு கிடைக்கிறது செமஸ்டர் பரீட்சை முடிஞ்ச டிசம்பர் கடைசியில. குல்மார்க்ல அப்போ கூட்டம் இருக்கும், அறை வாடகை எகிறும், ஆனா பனி போதுமான ஆழத்துக்குச் சேர்ந்திருக்கும்னு உறுதி கிடையாது. டிசம்பர் 21ல இருந்து 40 நாளைக் காஷ்மீர்காரங்க 'சில்லாய் கலான்'னு சொல்வாங்க. கடுங்குளிர் காலம். அந்த 40 நாள்ல விழுந்து சேர்ற பனிமேலதான் பிப்ரவரியில நிம்மதியா சறுக்க முடியும். அதனால ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி முடியறவரைக்கும் நல்ல காலம். 75 சதவீத அட்டெண்டன்ஸ் கணக்கை இப்பவே போட்டு வையுங்க. அந்த ஒரு வாரத்துக்காக ஆகஸ்ட்ல இருந்தே லீவு போடாம இருக்கிறதும் பயணத் திட்டத்துல சேர்த்திதான்.

அப்பவும் பனிக்கு கேரண்டி கிடையாது. 2024 ஜனவரியில குல்மார்க் சரிவுகள் மண்ணும் காய்ஞ்ச புல்லுமா கிடந்தது. 2025 பிப்ரவரியில நடக்க வேண்டிய கேலோ இந்தியா போட்டிகளைப் பனி இல்லாம மார்ச்சுக்குத் தள்ளி வெச்சாங்க. அதனால ரத்து பண்ணினா பணம் திரும்பக் கிடைக்கிற அறையா பாருங்க. நாலு காசு கூடன்னாலும் பரவாயில்ல.

போறதுக்கு இப்போ ரயிலும் இருக்கு. கன்னியாகுமரியில இருந்து வாரம் ஒருநாள் கிளம்புற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கட்ரா வரைக்கும் போகுது. 2025 ஜூன்ல இருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவுல வந்தே பாரத் ஓடுது, சுமார் மூணு மணி நேரம். வழியில ஆற்றுப் படுகையில இருந்து 359 மீட்டர் உயரத்துல நிக்கிற செனாப் பாலத்தைக் கடப்பீங்க. சிவில் மக்களே, ஐ.வி. ரிப்போர்ட்ல எழுத ஒரு நிஜமான விஷயம் கிடைச்சாச்சு!

திரும்பற வழியில ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்க. பனியும் மூடுபனியும் வந்தா ஸ்ரீநகர்ல விமானம் ரத்தாகும், ரோடும் அடைபடும். இறங்கின மறுநாளே லேப் எக்ஸாம்னு வெச்சுக்காதீங்க.

யார்கிட்ட கத்துக்கிறது?

"இது பணக்காரங்க விளையாட்டு ப்ரோ"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். பாதி உண்மைதான். தனியா பயிற்சியாளர், தனியா வாடகை ஸ்கீ, ஹோட்டல்னு போனா செலவு ஏறும். ஆனா அரசுப் பயிற்சி நிறுவனங்கள்னு ஒரு வழி இருக்கிறது நம்ம பசங்கள்ல பல பேருக்குத் தெரியாது. குல்மார்க்ல மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட இந்திய பனிச்சறுக்கு மலையேற்ற நிறுவனம் இருக்கு. மணாலியில அடல் பிஹாரி வாஜ்பாய் பேர்ல இருக்கிற மலையேற்ற நிறுவனம் பனிச்சறுக்குக்குன்னே அடிப்படை வகுப்பு நடத்துது. உத்தரகண்ட் ஔலியில கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்துது. தங்குமிடம், சாப்பாடு, கருவி, பயிற்சி எல்லாம் எப்படிச் சேர்த்துத் தர்றாங்க, கட்டணம் என்னன்னு அவங்க இணையதளத்துல பார்த்துடுங்க. இடம் சீக்கிரம் நிரம்பும். மருத்துவச் சான்றிதழ் கேட்பாங்க. என்னைக் கேட்டா, கையில காசு கம்மியா இருக்கிற மாணவனுக்கும், வீட்டுல அனுமதி வாங்கப் போராடுற மாணவிக்கும் இதுதான் முதல் வழி. "நாலு பேரோட காஷ்மீர் டூர்" அப்படின்னா எழும்பற புருவம், "அரசு நிறுவனத்துல பயிற்சி வகுப்பு" அப்படின்னா கொஞ்சம் இறங்கும்.

அஞ்சு நாள்ல என்ன வரும்? முதல் நாள் பாதி நேரம் பூட்ஸ் மாட்டுறதுலயும், விழறதுலயும், விழுந்த இடத்துல இருந்து எழறதுலயும் போயிடும். அடுத்து ரெண்டு ஸ்கீயோட முனையையும் சேர்த்து, பின்பக்கத்தை விரிச்சு, ஏர்க்கலப்பை மாதிரி வெச்சு வேகத்தைக் குறைக்கிற வித்தை. நிக்கத் தெரிஞ்ச பிறகுதான் திரும்பச் சொல்லித் தருவாங்க. நாலாவது நாள் வாக்குல இழுவை லிஃப்ட்ல ஏறி, இடமும் வலமுமா வளைஞ்சு வளைஞ்சு இறங்குவீங்க. பலருக்கு இந்த அளவு வந்துடும். தொடை வலியில ராத்திரி படி ஏற முடியாது. அது வேற விஷயம்.

மெக்கானிக்கல்காரங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கீயையும் பூட்ஸையும் சேர்த்துப் பிடிக்கிற பைண்டிங்ல ஒரு எண் இருக்கும். விழும்போது முழங்கால் முறுக்குறதுக்கு முன்னாடி ஸ்கீ கழண்டு விழணும். எவ்வளவு விசையில கழலணும்ங்கிறதைத்தான் அந்த எண் சொல்லுது. உங்க எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடிப்பாகத்தோட நீளம், அனுபவம் எல்லாத்தையும் வெச்சுதான் அதைத் திருப்பி வைக்கணும். வாடகைக் கடைக்காரர் உங்க எடையைக்கூடக் கேட்காம ஸ்கீயை நீட்டினா, வாங்காதீங்க.

மாடிப்படிச் சாய்வு போதும்

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கோண்டோலா டிக்கெட் வாங்கினா யார் வேணும்னாலும் மேலே போகலாம். ஆனா மேலே போகலாம்ங்கிறதும் அங்கிருந்து சறுக்கி இறங்கலாம்ங்கிறதும் ஒண்ணு இல்ல. ஐரோப்பாவுலயும் கனடாவுலயும் இருக்கிற பெரிய பனி ஊர்கள்ல பச்சை, நீலம், கறுப்புன்னு தரம் பிரிச்சு, மெஷின் வெச்சுச் சமப்படுத்தின தடங்கள் நிறைய இருக்கும். அஃபர்வட்ல பெரும்பாலும் இயற்கையா விழுந்த பனிதான். கோண்டோலாவை ஒட்டின பகுதியை ரோந்துக் குழு கவனிக்குது. அதோட எல்லையைத் தாண்டிட்டா உங்க உயிர் உங்க பொறுப்பு.

பனிச்சரிவு பெரும்பாலும் 30ல இருந்து 45 டிகிரி சாய்வுல நடக்கும். அது செங்குத்துப் பாறைன்னு நினைக்காதீங்க. 6 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் வெச்சுக் கட்டின மாடிப்படியோட சாய்வே சுமார் 31 டிகிரி. பனி அடுக்கடுக்கா விழுது. நடுவுல சர்க்கரை மாதிரி ஒட்டாத ஒரு அடுக்கு மாட்டிக்கிட்டா, மேல இருக்கிற பலகை மொத்தமும் ஒரு ஆளோட எடைக்கே பிச்சுக்கிட்டு வரும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்ச ஷியர் ஃபெயிலியர்தான் இது.

2010 பிப்ரவரியில ராணுவத்தோட உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி வீரர்கள் 17 பேர் குல்மார்க் பக்கத்துல பனிச்சரிவுல இறந்தாங்க. 2023 பிப்ரவரியில போலந்துல இருந்து வந்த ரெண்டு பேர். 2024 பிப்ரவரியில ரஷ்யாவுல இருந்து வந்த ஒருத்தர். இவங்க யாரும் பனி தெரியாம வந்தவங்க இல்ல. புதைஞ்சவரை முதல் 15 நிமிஷத்துக்குள்ள வெளிய எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. நேரம் போகப் போக அது வேகமா குறையும். அந்த 15 நிமிஷத்துல வெளியூர்ல இருந்து யாரும் வந்து சேர மாட்டாங்க. கூட வந்தவர் கையில 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் தேடுற கருவியும், குத்திப் பார்க்கிற கம்பியும், மண்வெட்டியும் இருக்கணும். அதைப் பயன்படுத்தத் தெரிஞ்சும் இருக்கணும். முதல்முறை போற நம்மகிட்ட இதுல எதுவும் இருக்காது. அதனால என் கருத்து ஒண்ணுதான்: முதல் பயணத்துல ரெண்டாவது கட்டத்துக்குப் போய் மலையைப் பார்த்துட்டு, அதே கேபிள் கார்ல இறங்கிடுங்க. சறுக்கறது கீழே இருக்கிற கிண்ணத்துல மட்டும். "இவ்வளவு தூரம் வந்துட்டு பயந்தா எப்படி"ன்னு கேட்கிற நண்பனுக்கு மேல இருக்கிற மூணு வருஷத்தையும் படிச்சுக் காட்டுங்க.

உயரத்தையும் மறக்காதீங்க. 4,000 மீட்டர்ல காற்றழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல சுமார் 60 சதவீதம்தான். சென்னையில இருந்து நேரா வந்து இறங்கின அன்னைக்கே மேல ஏறாதீங்க. தலைவலியும் வாந்தியும் வந்தா இறங்கிடுங்க. ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். உள்ளே தெர்மல், நடுவுல ஃப்ளீஸ், வெளியே தண்ணி புகாத கோட்டு, ரெண்டு ஜோடி கையுறை. பனியில பட்டுத் திரும்புற வெயில் கண்ணைச் சுட்டுடும். கண்ணாடி கட்டாயம்.

வீட்டுல சொல்லிட்டுப் போங்க

2025 ஏப்ரல்ல பஹல்காம்ல 26 பேரைச் சுட்டுக் கொன்ன பிறகு, "காஷ்மீர்"னு சொன்னதும் அம்மாவுக்கு வயிறு கலங்குறதுல நியாயம் இருக்கு. அதை "ஓவர் சீன்"னு ஒதுக்காதீங்க. அரசு அறிவிப்பைப் பாருங்க. சூழ்நிலை சரியில்லன்னா ஔலிக்கோ மணாலிக்கோ மாத்துங்க. ஆனா "ஐ.வி."ன்னு பொய் சொல்லிட்டு மட்டும் கிளம்பாதீங்க. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேணும். போன் எடுக்காத பிள்ளையை எந்த ஊர்ல தேடறதுன்னுகூடத் தெரியாத நிலைமையில அப்பாவை நிறுத்தறது வீரம் கிடையாது. எங்க தங்கறீங்க, பயிற்சியாளர் யார், எந்த நாள் எந்த வண்டி, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. இன்சூரன்ஸ் எடுக்கும்போது பனிச்சறுக்கு அதுல அடங்குதான்னு வரி வரியா படிங்க. சாதாரண பாலிசி பலதுல சாகச விளையாட்டு சேராது.

கடைசியா, அந்த ஊர் மக்களைப் பத்தி. ஸ்லெட்ஜ் இழுக்கிறவருக்கும், ஸ்கீ சொல்லிக் குடுக்கிறவருக்கும் வருஷத்துல சம்பாதிக்கிற மாசம் ரெண்டு மூணுதான். பனி பொய்ச்சா அதுவும் போச்சு. கூலியை முன்னாடியே பேசி, எழுதி வெச்சுக்கங்க. பேசினதை முழுசா குடுங்க. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவுல இருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான். இந்தச் சரிவுல வளர்ந்தவர். உங்களுக்கு நிக்கக் கத்துக் குடுக்கிறவரும் அதே சரிவுல, சின்ன வயசுலயே சறுக்க ஆரம்பிச்ச ஒருத்தராத்தான் இருப்பார். பத்து நிமிஷம் அவரைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துட்டு வர்றதைவிட, அஞ்சு நாள் அவர்கிட்ட மாணவனா இருங்க.

அடுத்த முறை குரூப்ல "ஐ.வி. எங்க?"ன்னு கேட்டா, ஊர் பேரை டைப் பண்றதுக்கு முன்னாடி "எத்தனை நாள் ஒரே இடத்துல?"ன்னு திருப்பிக் கேளுங்க.