வேகத்தின் திருகு யார் கையில்?

கைக்குள் அடங்கும் கணினி எதுவாயினும், அதன் சிப் ஒரு வினாடிக்கு எத்தனை கோடி முறை துடிக்க வேண்டும் என்பதை மென்பொருள் கொண்டு கூட்டவோ குறைக்கவோ இயலும். கூட்டினால் வேலை விரைந்து நடக்கும்; ஆனால் கருவி சூடேறும், பேட்டரி சீக்கிரம் தீரும். குறைத்தால் இதற்கு நேர்மாறு. முன்னதை ஓவர்கிளாக்கிங் என்றும் பின்னதை அண்டர்கிளாக்கிங் என்றும் கணினி ஆர்வலர்கள் அழைக்கின்றனர். அவர்களுடைய பொழுதுபோக்காக இருந்த இந்த வித்தை, கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய சொத்துரிமையையும் தொடுகின்ற விவகாரமாக மாறி ஆண்டுகள் சில ஆகிவிட்டன.

இதன் கணக்கு எளியது. சிப் இயங்கச் செலவாகும் மின்திறன், துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும் என்பதுதான் இதில் உள்ள ஆதாயம். இரண்டையும் கால் பங்கு குறைப்பதாகக் கொள்வோம். மின்திறன் 42 சதவீதமாக இறங்கிவிடும். ஒரு வேலையை முடிக்க மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகும் என்றாலும், அந்த வேலைக்கான மொத்த மின்செலவு 56 சதவீதம்தான். நடைமுறையில் மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே இறக்க முடியாது. திரையும் அலைவாங்கியும் தம் பங்கைத் தனியே தின்னும். ஆயினும் வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தால் ஆயுளில் நிறையப் பெறலாம் என்பது மாறாது.

ஆகவே வேகத்தைக் குறைப்பது தன்னளவில் மோசடி அன்று. 2022-இல் வால்வ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியில், சிப் உண்ணும் மின்திறனை 15 வாட்டிலிருந்து 3 வாட் வரை பயனரே இறக்கிக்கொள்ளலாம். பேட்டரி 2 மணி முதல் 8 மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனமும் வெளிப்படையாகவே சொன்னது. விலை கொடுத்து வாங்கியவர் கையிலேயே திருகும் இருக்கிறது.

அந்தத் திருகு விற்றவர் கையில் மறைந்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆப்பிள் விவகாரமே தக்க உதாரணம். லித்தியம் அயனி பேட்டரி முதுமையடையும்போது அதன் உள்தடை கூடுகிறது. சிப் திடீரென அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து கருவி அணைந்துவிடும். ஐபோன் 6, 6எஸ் பயனர்கள் பலர் இதனால் அவதியுற்றனர். 2017 ஜனவரியில் வெளியான ஐஓஎஸ் 10.2.1 புதுப்பிப்பில், பேட்டரி பழுதான கைப்பேசிகளின் வேகத்தை நிறுவனம் கட்டுப்படுத்தியது. பொறியியல் நோக்கில் இது சரியான மருந்துதான். ஆனால் நோயாளியிடம் யாரும் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியதைப் பயனர் ஒருவர் அளந்து வெளியிட்ட பிறகே, அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கருவியின் ஆயுளைக் குறைக்கும் எண்ணம் தனக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்றும் கூறியது.

எண்ணத்தை ஆராய்வது பொருளாதாரத்தின் வேலை அன்று, விளைவுகளைப் பார்ப்போம். மன்னிப்பின் பகுதியாக, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 2018 முழுவதும் 29 டாலராகக் குறைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். காலாண்டு வருவாய் மதிப்பீட்டை, முன்பு சொன்ன 8,900 முதல் 9,300 கோடி டாலரிலிருந்து 8,400 கோடிக்கு அவர் இறக்கினார். முதன்மைக் காரணமாக அவர் சுட்டியது சீனச் சந்தையின் தொய்வை. ஆனால் புதிய ஐபோனுக்கு மாறுவோர் குறைந்ததற்கான காரணங்களின் வரிசையில், மலிவு விலைப் பேட்டரியும் இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். உண்மை தெரிந்து, மாற்று வழியும் மலிவாகக் கிடைத்தபோது, மக்களில் ஒரு பகுதியினர் புதிய கருவி வாங்கவில்லை. அப்படியானால் உண்மை மறைந்திருந்த காலத்தில் மெதுவான கைப்பேசியைப் பார்த்து 'இதற்கு வயதாகிவிட்டது' என்று நினைத்து, தேவையின்றிப் பணம் செலவழித்தவர்கள் எத்தனை பேர்?

நீடித்துழைக்கும் பொருளை விற்கும் ஏகபோக நிறுவனம் தான் முன்பு விற்ற பொருளோடே போட்டியிட நேர்கிறது என்று 1972-இல் ரொனால்ட் கோஸ் எழுதினார். உழைக்கும் காலத்தைக் குறைப்பது அதற்கு ஒரு வழி என்பதையும் அவர் குறிப்பிட்டார். பல்பும் காலுறையும் விற்ற காலத்தில் அந்த முடிவைத் தொழிற்சாலையிலேயே எடுத்தாக வேண்டும். இன்றோ, விற்று மூன்றாண்டு கழிந்த பின்னும் தொலைவிலிருந்தே எடுக்கலாம்.

இது ஒரே நிறுவனத்தின் குணமும் அன்று. பழைய கைப்பேசிகளைப் புதுப்பிப்புகள் மந்தமாக்கியதற்காக இத்தாலி 2018-இல் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2022-இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்22 கைப்பேசி, விளையாட்டு உள்ளிட்ட பல செயலிகளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வேகத்தை அளக்கும் செயலிகளில் மட்டும் முழுப் பலத்தையும் காட்டியது அம்பலமானது. தராசின் முன் மட்டும் நேர்மையாக நடப்பது நம் சந்தைகளுக்கும் புதிதல்ல.

அமெரிக்காவில் ஆப்பிள், தவறை ஒப்புக்கொள்ளாமலே 50 கோடி டாலர் வரை தர 2020-இல் இசைந்தது. உரிமை கோரியவர்களுக்குத் தலா 92 டாலர் அளவில் பணம் வந்து சேர்ந்தது 2024-இல். அதற்குள் அந்தக் கைப்பேசிகளில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயிருக்கும். இந்த வழக்குகளில் உருப்படியான பலன் என்று நான் கருதுவது இழப்பீட்டை அன்று. 2018-இல் வந்த ஐஓஎஸ் 11.3 முதல் பேட்டரியின் நலத்தைப் பயனரே பார்க்கவும், வேகக் கட்டுப்பாட்டை அவரே நீக்கவும் கிடைத்த வசதியை.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுநீக்கக் குறியீடு பற்றி அது அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கையும் அளித்துவிட்டது. கருவியைப் பிரிப்பது எவ்வளவு எளிது, உதிரிபாகங்கள் உரிய காலத்தில் கிடைக்குமா என்பவற்றோடு மென்பொருள் புதுப்பிப்பும் அதில் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டுள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஐபோன் விவகாரத்தில் வேகத்தைக் குறைத்த கருவியே ஒரு புதுப்பிப்புதான். எத்தனை ஆண்டு புதுப்பிப்பு தருவார்கள் என்பதற்கு மட்டும் மதிப்பெண் வழங்கினால், அதே கருவிக்குப் பரிசளிப்பதாக முடியும். ஒவ்வொரு புதுப்பிப்பும் வேகத்தையும் பேட்டரி ஆயுளையும் என்ன செய்யும் என்பதை நிறுவும் முன்பே பயனரின் மொழியில் தெரிவிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி அமைப்புப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவ்விரண்டையும் அளவுகோலில் சேர்ப்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.